வெம்பிளியில் ஒரு சனிக்கிழமை



உதைபந்தாட்டப் போட்டியொன்றைக் காணச் சென்றவர்களுட் பல்லாயிரவர் அப்போட்டியைக் காணவேயில்லை. பந்து எப்பக்கம் போயிற்று, யார் உதைத்தார், எவ்வாறு வலைக்குட் புகுந்தது என்பவற்றை அவர்கள் பின்னர் பத்திரிகைகளைப் பார்த்தே அறிந்துகொண்டனர். ஆயினும் அன்று தாம் அங்கே நின்றதை ஆயுள் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர். பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பேரப்பிள்ளைகளுக்குஞ் சொன்னார்கள். 1923ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 28ஆந் திகதி சனிக்கிழமை, இலண்டன் மாநகரின் வடமேற்கிலுள்ள வெம்பிளியில் நடைபெற்ற ஆங்கில உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியே நான் குறிப்பிடுவது. போல்ற்றன் வாண்டரர்ஸ் கழகமும் வெஸ்ற்ஹாம் யுனைற்றெட் கழகமும் அதிலே மோதின. அந்த ஆட்டத்தை ஆங்கிலேயர் கழகங்களின் பெயராலோ கோல் அடித்தவரின் பெயராலோ வழங்குவதில்லை. "வெள்ளைக் குதிரை இறுதிப் போட்டி" என்றே வழங்குகின்றனர்.

இத்தகைய பெயர் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு எப்படி வந்தது? அதனை விளங்கிக்கொள்ள முதலில் அந்த அரங்கின் கதையைச் சற்றே அறிய வேண்டும்.

முதலாம் உலகப் போர் முடிந்தபின், பிரித்தானியப் பேரரசின் வளத்தையும் வலிமையையும் உலகுக்குக் காட்டும் நோக்குடன் வெம்பிளியிலே பெருங் கண்காட்சி ஒன்றை நடத்த ஏற்பாடாயிற்று. அக்கண்காட்சி 1924ஆம், 1925ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. நமது நாட்டுக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்தது. கண்டிக் கட்டடக்கலை மரபைத் தழுவி அதனை அமைத்திருந்தனர். இக்கண்காட்சித் திடலின் நடுநாயகமாக எழுந்ததே வெம்பிளி விளையாட்டரங்கு. முந்நூறு நாட்களில், 750,000 பவுண் செலவில், கொங்கிறீற்றாலும் உருக்காலும் அதனைக் கட்டி முடித்தார்கள். முகப்பில் இரட்டைக் கோபுரங்கள் நின்றன. படிக்கட்டுகளின் உறுதியைச் சோதிப்பதற்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை ஏற்றி, ஒரே வேளையில் காலை உதைத்து மிதிக்கச் செய்தனராம். கொங்கிறீற்று அசையவில்லை. கட்டடம் தாங்குமா என்பதை இவ்வளவு கவனமாகச் சோதித்தவர்கள், மக்கள் எவ்வழியாக உள்ளே வருவார்கள், எவ்வளவு பேர் வந்தால் வாயிலை அடைப்பது, அடைத்தபின் வெளியே நிற்போரை என்செய்வது என்பவற்றை அத்துணைக் கவனத்தோடு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அரங்கு முழுமை பெற்றது போட்டிக்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான்.

சங்கத்தாருக்கு இருந்த கவலையோ நேர்மாறானது. இவ்வளவு பெரிய அரங்கு நிரம்புமா என்றே அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. போருக்கு முன் கிறிஸ்ரல் பலஸ் திடலில் 1901ஆம் ஆண்டிலும் 1913ஆம் ஆண்டிலும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியைக் கண்டிருந்தனர் என்பது உண்மையே. ஆனால் போருக்குப் பின் ஸ்ரம்போர்ட் பிறிட்ஜ் மைதானத்தில் நடந்த மூன்று இறுதிப் போட்டிகளில், 1921இல் வந்த 72,805 பேரே ஆகக்கூடிய தொகை. மற்றை இரண்டு ஆண்டுகளிலும் ஐம்பதினாயிரத்தை ஒட்டியே கூட்டம் இருந்தது. புதிய அரங்கோ ஒன்றேகால் இலட்சம் பேரைக் கொள்ளக்கூடியது. ஆகவே முன்கூட்டியே விற்ற ஆசனங்கள் போக, எஞ்சிய இடங்களுக்கு யாரும் வாயிலிற் பணங்கொடுத்து உள்ளே வரலாம் என்று விட்டுவிட்டனர். வருக வருக என்று விளம்பரமுஞ் செய்தனர்.

மக்கள் வந்தார்கள்.

வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அன்று வானம் தெளிந்து வெயில் எறித்தது. நாளோ சனிக்கிழமை. அரங்கோ எல்லோரும் பார்க்க விரும்பிய புத்தம் புதிய அரங்கு. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆடிய கழகங்களுள் ஒன்று இலண்டன் மாநகரத்தது. வெஸ்ற்ஹாம் கழகம் தேம்ஸ் நதிக்கரையிலிருந்த கப்பல் கட்டும் இரும்பு ஆலையொன்றின் தொழிலாளர் கழகமாக 1895இல் தோன்றி வளர்ந்தது. கிழக்கு இலண்டனின் துறைமுகத் தொழிலாளரும், சுமை தூக்குவோரும், அவர்தம் குடும்பத்தினருமே அதன் இரசிகர்கள். அக்காலத்தில் அது இரண்டாம் பிரிவிலே ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தின் முடிவிலேதான் முதலாம் பிரிவுக்கு உயர்ந்தது. கிண்ண இறுதிப் போட்டிக்கு அது வந்தது அதுவே முதன்முறை. கிழக்கு இலண்டனிலிருந்து வெம்பிளிக்குப் போக, நகரத்தின் இரயில் வண்டியில் ஏறி உட்கார்ந்தாற் போதும். தங்கள் பகுதிப் பையன்கள் மன்னர் முன்னிலையில் ஆடப் போகிறார்கள் என்றால் எவர்தாம் வீட்டில் இருப்பர்?

போல்ற்றன், இங்கிலாந்தின் வடக்கே இலங்காசயரிலுள்ள பருத்தி ஆலை நகரம். அந்நகரத்தின் கழகம், 1888இல் உதைபந்தாட்டக் கூட்டிணைவைத் தொடக்கிய பன்னிரண்டு கழகங்களுள் ஒன்று. எனினும் 1894இலும் 1904இலும் இறுதிப் போட்டி வரை வந்து தோற்றுத் திரும்பிய கழகம் அது. அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் புகையிரதமேறி இரவோடிரவாகப் பயணஞ் செய்து இலண்டனுக்கு வந்தனர். அவர்களுட் பலர் அதற்குமுன் தலைநகரைக் கண்டிராதவர்கள்.

முற்பகல் 11.30 மணிக்கு வாயில்கள் திறக்கப்பட்டன. பிற்பகல் ஒரு மணிக்குள் கூட்டம் வெள்ளமாகப் பெருகிவிட்டது. 1.45 மணிக்கு வாயில்களை மூடும்படி கட்டளையாயிற்று. ஆனால் மூடிய செய்தி புகையிரத நிலையங்களுக்கு எட்டுமுன்னரே வண்டிகள் மேலும் மேலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. வெளியே நின்றவர்கள் பின்னால் வருவோரால் நெருக்குண்டு மதில்களை நோக்கித் தள்ளப்பட்டனர். சிலர் மதிலேறினர்; சிலர் தடைகளை உடைத்தனர்; சிலர் ஒன்றுஞ் செய்யாமலே உள்ளே வந்து சேர்ந்தனர். போல்ற்றன் ஆட்டக்காரர் ஏறிவந்த வண்டியே அரங்கிலிருந்து ஒரு மைல் தூரத்தில் அசைய முடியாது நின்றுபோயிற்று. ஆட்டக்காரர் இறங்கி, தம்மைக் காண வந்த கூட்டத்துக்குள்ளே தாமும் இடித்துப் புகுந்து நடந்து வந்தனர்.

அன்று உள்ளே இருந்தோர் எத்தனை பேர்? அதிகாரபூர்வமான கணக்கு 126,047. அது வாயிற்சுழல்களின் வழியே முறைப்படி வந்தோரின் தொகை மாத்திரமே. இரண்டு இலட்சம் என்போரும் மூன்று இலட்சம் என்போரும் உளர். எண்ணுவதற்கு எவருக்கும் வழியிருக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, "நானும் அன்று வெம்பிளியில் இருந்தேன்" என்று சொன்ன முதியவர்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மூன்று இலட்சமும் குறைவென்றே தோன்றும்! இதனை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. தந்தையின் வாயாற் பலகாற் கேட்ட கதை, மகனின் கண்ணாற் கண்ட காட்சியாக மாறிவிடுவது மனித நினைவின் இயல்பு.

அந்த நினைவுகளைச் சற்றே கவனிப்போம். பிற்காலத்தில் முதியவர்கள் பத்திரிகைகளுக்கும் ஒலிப்பதிவாளர்களுக்கும் சொன்னவற்றுட் பெரும்பாலானவை ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. கால் நிலத்திற் படாமலே பல யார் தூரம் கொண்டுசெல்லப்பட்டமை ஒன்று. கூடவந்த சகோதரனையோ நண்பனையோ வாயிலில் தவறவிட்டு, இரவு வீட்டிலேதான் மீண்டுங் கண்டமை மற்றொன்று. ஆசனச் சீட்டு வாங்கியவன் ஆசனத்தை அடைய முடியாமல் திரும்பிப் போக, சீட்டே இல்லாதவன் நல்ல ஆசனத்தில் அமர்ந்திருந்தமை பிறிதொன்று. சிறு பிள்ளைகளைத் தலைகளுக்கு மேலாகக் கைக்குக் கை மாற்றி முன்வரிசைக்கு அனுப்பும் வழக்கம் ஆங்கில மைதானங்களிலே நெடுங்காலம் இருந்தது. நெருக்கத்துக்குள் அகப்பட்ட பிள்ளைக்கு அதுவே காற்று வரும் வழியாயும் இருந்தது.

கால் நிலத்திற் படாமை என்பதை இப்பொழுது கேட்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. உண்மையில் அது வேடிக்கையன்று. ஒரு மனிதன் தன் விருப்பப்படி நிற்கவோ திரும்பவோ மூச்சை நிரம்ப இழுக்கவோ முடியாத நிலை அது. அந்நிலையில் எவரும் எவரையும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. பின்னால் உள்ளவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் உள்ளவனுக்குப் பின்னாற் போக வழியில்லை. இதனை மனத்திற் கொண்டே மேல்வரும் செய்தியைக் கேட்க வேண்டும்.

படிக்கட்டுகள் நிரம்பி வழிந்தபொழுது, முன்வரிசையில் நின்றவர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கினர். இறங்கினர் என்பதிலும் இறக்கப்பட்டனர் என்பதே பொருந்தும். சிறிது நேரத்திற் பசும்புல் முற்றாக மறைந்துபோயிற்று. கோற்கம்பங்கள் இரண்டும் தலைகளாலான கடலில் நட்ட தடிகள்போல் தோன்றின. இராணுவ இசைக்குழுவினரும் அந்தக் கடலுக்குள் அகப்பட்டனர். மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் வந்து அமர்ந்ததும், அகப்பட்ட நிலையிலேயே அவர்கள் அரச கீதத்தை வாசித்தார்கள். கூட்டம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உடன் பாடியது. அந்த வேளையில் எல்லாம் அடங்கி அமைதியாயிற்று என்பது பலர் கூறும் செய்தி. அமைதியாயிற்றேயன்றிக் கூட்டம் அகலவில்லை. இரு கழகத்து ஆட்டக்காரரும் வெளியே வந்து, வெளியேறுங்கள் என்று மக்களைக் கெஞ்சினர். வந்தவர்களின் தோளைத் தட்டிக் கைகுலுக்கினார்களே தவிர, யாரும் நகர்ந்தபாடில்லை. நகர்வதற்கு இடமும் இருக்கவில்லை.

இனித்தான் குதிரை வருகிறது.

குதிரை வீரரான பொலிசார் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் ஸ்கோரி. அவர் ஏறிவந்த குதிரையின் பெயர் பில்லி. அது உண்மையில் வெள்ளைக் குதிரையன்று, நரைநிறக் குதிரை. செய்திப்படக் கருவிகளின் கறுப்பு வெள்ளைச் சுருளிலே அது வெண்மையாகப் பதிந்தது. மற்றைக் குதிரைகள் கரியவையாயும் கபிலநிறத்தனவாயும் இருந்தமையால் கரிய கூட்டத்தோடு கலந்து மறைந்துபோயின. இத்துணையே காரணம். அன்று களத்தில் வேலை செய்த குதிரைகள் பல, வீரர்கள் பலர், நடந்து வந்து தோள்கொடுத்த பொலிசாரோ இன்னும் பலர். அவர்களுள் நாம் அறிந்த பெயர் ஸ்கோரி ஒன்றே. வரலாறு சில வேளைகளில் நிறத்தைக் கொண்டும் ஆளைத் தெரிந்தெடுக்கிறது.

ஆயினும் அவர் செய்த வேலை சிறியதன்று. அதனை அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். களத்துக்குள் நுழைந்தபோது தலைகளையன்றி வேறொன்றையுங் காணவில்லை. இது நடக்கக்கூடிய காரியமா என்று மலைத்தாராம். பின் ஒரு கோல் அருகே சிறிது வெளியைக் கண்டு அங்கிருந்து தொடங்கினார். குதிரை எவரையும் மிதிக்காது, மூக்காலும் வாலாலும் மெல்ல மெல்ல ஆட்களை ஒதுக்கிற்று. முன்வரிசையினரை ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்ளச் சொல்லி, அடியடியாகப் பின்னே சாயும்படி அவர் கேட்டுக்கொண்டார். இப்படியே கோட்டின் ஓரம்வரை கூட்டம் பின்வாங்கிற்று. தடியடியில்லை, சாட்டையில்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரந் தாமதமாக, 3.44 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஸ்கோரிக்கு உதைபந்தாட்டத்தில் ஈடுபாடே கிடையாது என்பது இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பின்னாளில் சங்கத்தார் இறுதிப் போட்டிகளுக்கு இலவசச் சீட்டு அனுப்பியும் அவர் போகவில்லை. 1965இல் அவர் காலமானார்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். தொடங்கி இரண்டே நிமிடத்தில் போல்ற்றனின் டேவிட் ஜாக் முதற் கோலை அடித்தார். வெம்பிளி அரங்கில் அடிக்கப்பட்ட முதற் கோல் அதுவே. அவ்வேளையில் வெஸ்ற்ஹாமின் ஜாக் ட்ரெசடேர்ன், பந்தை வெளியிலிருந்து எறிந்துவிட்டுத் திரும்பியவர், கூட்டத்துக்குட் சிக்கிக்கொண்டு களத்துக்கு மீள முடியாமல் நின்றார். ஜாக் அடித்த பந்தின் வேகம், வலையோடு ஒட்டி நின்ற இரசிகர் ஒருவரைச் சாய்த்துவிட்டதென்பர். பதினொரு நிமிடமாவதற்குள் கூட்டம் மீண்டும் களத்துக்குட் பெருகியது. ஆட்டம் நின்று பின் தொடர்ந்தது. இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போக வழியில்லாததால் ஆட்டக்காரர் களத்திலேயே நின்று, சில நிமிடங்களில் மறுபாதியைத் தொடங்கினர். அதில் ஜாக் ஸ்மித் இரண்டாவது கோலை அடித்தார். பந்து கம்பத்திற் பட்டுத் திரும்பியதென்று வெஸ்ற்ஹாம் வாதிட்டது. கோலுக்குள் சென்று, வலையை நெருக்கி நின்றவர்கள்மேற் பட்டுத் திரும்பியதென்று மத்தியஸ்தர் தீர்ப்பளித்தார். அதற்கு முன் கோட்டோரத்தில் நின்ற போல்ற்றன் இரசிகர் ஒருவரே பந்தை உதைத்து உள்ளே அனுப்பினார் என்றும் முறைப்பாடு எழுந்தது. இந்தக் கோலைப் பற்றி இரு ஊர்க் கிழவர்களும் அறுபது ஆண்டு காலம் ஒத்துப்போகவில்லை.

போல்ற்றன் இரண்டுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றது. தலைவர் ஜோ ஸ்மித் மன்னரிடமிருந்து கிண்ணத்தைப் பெற்றார். கோல்காவலர் டிக் பிம், டெவன் கடற்கரையின் மீனவர். 1923, 1926, 1929 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் போல்ற்றன் வென்ற மூன்று இறுதிப் போட்டிகளிலும் ஒரு கோலையும் உள்ளே விடாதவர். தோற்ற கழகத்தின் பயிற்றுனரோ குதிரைக் குளம்புகள் களத்தைக் கிளறிவிட்டன என்று குறைப்பட்டார். வெஸ்ற்ஹாமின் வலிமை இரு ஓரங்களிலும் விரைந்தோடும் ஆட்டக்காரரிடத்தே இருந்தது. ஓரமெங்கும் மனிதச் சுவர் நிற்கையில் அவர்கள் எங்கே ஓடுவது? இக்குறை முற்றிலும் நியாயமற்றதென்று சொல்ல முடியாது.

அன்று வானொலி வருணனை இருக்கவில்லை. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத காலம் அது. கிண்ண இறுதிப் போட்டி முதன்முறை வானொலியில் ஒலித்தது 1927ஆம் ஆண்டிலேயே. அப்பொழுது கொழும்பு வானொலிக்கும் வயது ஒன்றரைதான். ஆகவே 1923இல் வீட்டிலிருந்தவர்களுக்கு எட்டியவை பத்திரிகைச் செய்தியும் படமாளிகையிற் காட்டிய செய்திப்படமுமே. செய்திப்படத்திற் கண்ணைக் கவர்ந்தது குதிரை. நேரிற் சென்றவர்களும் பின்னர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அரங்கின் மறு ஓரத்தில், முன்னால் நின்றவரின் தொப்பியை அல்லாமல் வேறொன்றையுங் காணாதவரின் நினைவிலும் வெள்ளைக் குதிரை வந்து புகுந்தது அவ்வழியாலேயே என்று நான் எண்ணுகிறேன். அதனால் அவர்கள் பொய்யுரைத்தார்கள் என்று சொல்லலாகாது. ஒரு சமுதாயம் சேர்ந்து நினைவுகொள்ளும் முறை அது.

சேர்ந்து நினைவுகொள்ளும்போது சில விடுபட்டும் போகின்றன. அன்று ஆயிரம் பேரளவில் காயமுற்றனர். அவர்களுள் 22 பேர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவரும் இறக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியமே முன்னைய வாக்கியத்தை மறக்கச் செய்தது. "கூட்டம் நல்ல மனநிலையில் இருந்தது, மன்னரைக் கண்டு பணிந்தது, ஒரு குதிரைக்கு வழிவிட்டது, ஆங்கிலேயரின் இயல்பே அது" என்று பெருமை பேசப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை பாராளுமன்றத்தில் இவ்விடயம் எழுந்தபோது, உள்நாட்டு மந்திரி பிரிட்ஜ்மன் பொலிசாரைப் பாராட்டினார். கூட்டத்தினரைக் காடையர் என்று குறித்த ஒஸ்வால்ட் மோஸ்லியைச் சபாநாயகர் கண்டித்தார். ஆசனத்தை அடைய முடியாத சீட்டுக்காரருக்குச் சங்கம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு முதல் இறுதிப் போட்டிக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கியோரை மாத்திரம் அனுமதிப்பதென்று முடிவாயிற்று. வெம்பிளியைப் பொறுத்தமட்டில் இது நல்ல பயனே.

மற்றை மைதானங்களின் நிலை என்ன? அரசாங்கம் முன்னாள் உள்நாட்டு மந்திரி எட்வேர்ட் ஷோர்ட் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. குழு 1924இல் அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு மைதானத்திலும் ஒழுங்குக்குப் பொறுப்பான ஒருவர் இருத்தல் வேண்டும் என்பன போன்ற நல்ல யோசனைகள் அதில் இருந்தன. ஆனால் அவற்றைச் சட்டமாக்க வேண்டியதில்லை, விளையாட்டுச் சங்கங்களே பார்த்துக்கொள்ளும் என்று குழு நம்பியது. அந்தக் குழுவின் முன் வந்து சாட்சியமளிக்கவும் உதைபந்தாட்டச் சங்கம் முன்வரவில்லை. அறிக்கை அலுமாரிக்குட் போயிற்று.

இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன. இரண்டாம் உலகப் போரும் வந்து போயிற்று. 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9ஆந் திகதி, அதே போல்ற்றன் கழகம் தன் சொந்த மைதானமாகிய பேண்டன் பார்க்கில் ஸ்ரோக் சிற்றி கழகத்தோடு கிண்ணத்தின் ஆறாஞ் சுற்றில் ஆடியது. போர் முடிந்தபின் வந்த முதற் கிண்ணப் பருவம் அது. ஸ்ரோக் அணியில் புகழ்பெற்ற ஸ்ரான்லி மத்தியூஸ் ஆடினார். ஆறாண்டு காலம் இத்தகைய ஆட்டத்துக்கு ஏங்கியிருந்த மக்கள் திரண்டு வந்தனர். அம்மைதானத்தில் அதுவரை கூடிய ஆகப்பெருந் தொகை எழுபதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அன்று வந்தோர் 85,000 வரை இருக்கலாமென மதிப்பிட்டனர். போர்க்காலத்தில் அரசாங்கம் ஒரு பக்கத்துப் பந்தலை எடுத்துச் சாமான்கள் அடுக்கியிருந்தமையால் அப்பக்கத்து வாயில்கள் அடைபட்டுக் கிடந்தன. புகையிரதப் பாதையை ஒட்டிய முனையிலேயே கூட்டமெல்லாம் குவிந்தது.

2.40 மணிக்கு வாயில்களை மூடினர். வெளியே நின்றவர்கள் மதிலேறினர். நெருக்கம் பொறுக்காது, சிறுவனான தன் மகனை வெளியே கொண்டுபோக எண்ணிய தந்தை ஒருவர் கதவொன்றின் பூட்டைத் திறந்தார். அவர் வெளியேறிய வழியாலே வெளியிலிருந்தவர்கள் உள்ளே பாய்ந்தனர். இதுவரை எல்லாம் வெம்பிளியிற் கண்டவையே. ஆட்டந் தொடங்கிச் சில நிமிடங்களில், முனைக்கொடியின் அருகே இரண்டு இரும்புத் தடுப்புகள் வளைந்து சாய்ந்தன. முன்னால் நின்றோர் விழ, அவர்கள்மேற் பின்னால் நின்றோர் விழுந்தனர். முப்பத்துமூன்று பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தி ஆட்டக்காரரை உள்ளே அழைத்துச் சென்றார். இறந்தோரைக் களத்தின் ஓரத்திற் கிடத்தி மேலங்கிகளால் மூடினர். பின்னர், ஆட்டத்தை முற்றாக நிறுத்தினால் கூட்டம் கலவரப்படும் என்று அஞ்சி, மீண்டுந் தொடங்கினர். பிணங்கள் கிடந்த பக்கத்தில் மரத்தூளினாற் புதிய எல்லைக்கோடு இட்டனர். இடைவேளையின்றி ஆடி முடித்தனர்; இரு பக்கத்தாரும் கோல் அடிக்கவில்லை. மறுமுனையில் நின்ற பல்லாயிரவர் நடந்ததை அறியாமலே வீடு சென்று, மாலையிற் செய்தி கேட்டுத் திகைத்தனர். தம்மோடு வாயில்வரை வந்தவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதைச் சில வீடுகளில் அதன்பின்னரே எண்ணிப் பார்த்தனர்.

1923இல் வெம்பிளி சென்று வந்த போல்ற்றன் இரசிகர்களுட் பலர் 1946இலும் பேண்டன் பார்க்கில் நின்றிருப்பர். முன்னைய நாளைப் பற்றி அவர்கள் ஓயாது பேசினார்கள். பின்னைய நாளைப் பற்றி அந்நகரம் நெடுங்காலம் அடங்கிய குரலிலேயே பேசிற்று. ஒரு நினைவுப் பலகை நாட்டப்பட்டதே 1992ஆம் ஆண்டில்தான்.

இரு கூட்டங்களின் மனநிலையிலும் பெரிய வேறுபாடு இருந்ததென எவருங் காட்டவில்லை. இரண்டும் நல்ல கூட்டங்களே. வேறுபாடு இடத்தில் இருந்தது. வெம்பிளியில் முன்வரிசைக்கும் ஆடுகளத்துக்கும் இடையே உயர்ந்த தடை எதுவும் இருக்கவில்லை. நெருக்குண்டவர்கள் புல்லுக்குள் வழிந்தோட முடிந்தது. எந்தக் காட்சியைக் கண்டு அரங்கின் அதிகாரிகள் நாணினரோ, எந்தக் காட்சியைப் பத்திரிகைகள் குழப்பம் என்று எழுதினவோ, அந்தக் காட்சியே அம்மக்களின் உயிரைக் காத்தது. ஸ்கோரியும் அவர் குதிரையும் ஆட்டத்தைக் காப்பாற்றினர். ஆட்களைக் காப்பாற்றியது அந்தத் திறந்த புல்வெளி என்றே நான் கருதுகிறேன்.

இதனை மறந்ததால் வந்த துயரம் பெரிது. 1946இன் அழிவை ஆராய்ந்த மொயல்வின் ஹியூஸ், மைதானங்களுக்கு உரிமம் வழங்கும் முறையும் கூட்டத்துக்கு எல்லையும் வேண்டுமென்றார், சட்டம் வரவில்லை. 1971இல் கிளாஸ்கோ நகரின் ஐபிறொக்ஸ் மைதானத்துப் படிக்கட்டில் 66 பேர் இறந்தபின், 1975இலேயே சட்டம் வந்தது. அதற்குள் வேறொரு அச்சமும் புகுந்துவிட்டது. இரசிகர் களத்துக்குள் இறங்கிச் சண்டையிடுவதைத் தடுக்க, உயர்ந்த இரும்பு வேலிகளை நாட்டினார்கள். 1989 ஏப்பிரல் 15ஆந் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், அதே கிண்ணத்தின் அரையிறுதிப் போட்டியன்று, இலிவர்பூல் இரசிகர்கள் அந்த வேலிகளோடு நசுங்கினர். இறந்தோர் தொகை 97. அங்கே முன்னால் வழிந்தோடப் புல்வெளி இருந்தது. இடையே கம்பிவேலி நின்றது. பழி முதலில் இரசிகர்மேல் வந்தது. அவர்கள்மேற் குற்றமில்லை என்று மரண விசாரணைச் சபை தீர்ப்பளிக்க 2016ஆம் ஆண்டு வரை அக்குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. உயிர்தப்பிய இரசிகர்களின் நினைவுகளே அப்போராட்டத்தில் முக்கிய சான்றுகளாக நின்றன. வெம்பிளி முதியோரின் நினைவுகளைப்போல அவற்றை ஒருவரும் வேடிக்கைக் கதையாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும், ஒவ்வொரு வாயிலும், யார் எங்கே நின்றார் என்பதும் வரி வரியாகப் பதிவாயின.

பழைய வெம்பிளி அரங்கும் இரட்டைக் கோபுரங்களும் 2003ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டன. அவ்விடத்திலே புதிய அரங்கு 2007இல் திறக்கப்பட்டது. அதற்குச் செல்லும் நடைபாலம் ஒன்றுக்கு என்ன பெயரிடலாம் என்று பொதுமக்களிடம் கேட்டபோது, பெரும் ஆட்டக்காரர் பலரின் பெயர்கள் இருக்க, மக்கள் தெரிந்தெடுத்தது வெள்ளைக் குதிரையின் பெயரை. பேண்டன் பார்க்கிலிருந்து போல்ற்றன் கழகம் 1997இல் வெளியேறிற்று. அந்த நிலத்தில் இப்பொழுது பெரிய அங்காடி ஒன்று இருக்கிறது. முப்பத்துமூவரின் நினைவுப் பலகை அதன் சுவரிலே பதிக்கப்பட்டுள்ளது. சாமான் வாங்க வருவோர் அதனைக் கடந்து உள்ளே செல்கின்றனர்.